வயதானால் பிரஷர் ஏறுவது இயல்பா? ரூஸ்வெல்ட்டின் கடைசி 8 ஆண்டுகள் சொல்லும் கதை

1945 பிப்ரவரி. கருங்கடலோர நகரமான யால்டா. அரண்மனை முற்றம் ஒன்றில் மூன்று தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பாடப்புத்தகத்திலோ இணையத்திலோ நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் பிரிட்டன் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில். மறுபக்கம் சோவியத் தலைவர் ஸ்டாலின். நடுவில் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

சர்ச்சிலுக்கு அப்போது வயது 70. ஸ்டாலினுக்கு 66. ரூஸ்வெல்ட்டுக்கு 63தான். ஆனால் படத்தைப் பார்ப்பவர்கள் யாரும் அவரை மூவரில் இளையவர் என்று சொல்ல மாட்டார்கள். முகம் வாடி, கன்னம் ஒட்டி, ஓய்ந்துபோனவராகத் தெரிவார்.

மூவருக்கும் கடைசியில் ஒரே இடத்தில்தான் அடி விழுந்தது. மூளையின் ரத்தக்குழாய். படம் எடுத்த இரண்டே மாதத்தில் ரூஸ்வெல்ட் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். 1953 மார்ச்சில் ஸ்டாலினும் அப்படித்தான் போனார். அதே ஆண்டு ஜூனில், பிரதமர் பதவியில் இருக்கும்போதே, சர்ச்சிலுக்கு ஸ்ட்ரோக் வந்தது.

மற்ற இருவரும் எழுபதைத் தாண்டிய பிறகு இது நடந்தது. வயதில் இளைய ரூஸ்வெல்ட் ஏன் முதலில் விழுந்தார்? அவரது மருத்துவக் குறிப்பில் இருந்த சில எண்களில் பாதி பதில் இருக்கிறது. அந்த எண்களைப் பார்த்தும், இந்த வயசுக்கு இது சகஜம் என்று அன்றைய மருத்துவம் நினைத்ததில் மீதி பதில் இருக்கிறது.

போலியோ தெரிந்தது, பிரஷர் தெரியவில்லை

ரூஸ்வெல்ட் 1882 ஜனவரி 30 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1921 ஆகஸ்டில், 39 வயதில், போலியோ தாக்கியது. இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அத்தோடு அரசியல் வாழ்க்கை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. காலில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு, ஒருவர் கையைப் பிடித்தபடி எழுந்து நிற்கப் பழகினார். 1929-ல் நியூயார்க் ஆளுநர். 1933-ல் அதிபர். அதன்பின் மூன்று முறை மீண்டும் தேர்தலில் வென்றார். நான்கு முறை அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வரலாற்றில் அவர் ஒருவர்தான்.

அவரது உடல்நிலை என்றாலே எல்லோர் கண்ணும் கால் பக்கம் போனது. உள்ளே ரத்தக்குழாய்களில் நடந்துகொண்டிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போதாக்குறைக்கு அவர் தொடர்ந்து சிகரெட் பிடிப்பவர். நாளுக்கு ஒரு பாக்கெட்டுக்குக் குறையாது.

136-லிருந்து 188 வரை

பி.பி. கருவி காட்டும் இரண்டு எண்களில் மேல் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழ் எண், இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் ஓய்வாக இருக்கும்போது உள்ள அழுத்தம். ரூஸ்வெல்ட்டின் குறிப்பில் அவை இப்படி ஏறின.

1935-ல், 53 வயதில்: 136/78.

1937-ல், 55 வயதில்: 162/98.

1940-ல், 58 வயதில்: 178/88.

1941 பிப்ரவரியில், 59 வயதில்: 188/105.

இன்று 140/90-ஐத் தாண்டினாலே உயர் ரத்த அழுத்தம் என்று மருத்துவர்கள் கையிலெடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் 2017-க்குப் பிறகு அந்த வரம்பு 130/80 ஆகக் குறைந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் 1937-லேயே ரூஸ்வெல்ட்டுக்குச் சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த ஏழு ஆண்டுகள் அதைக் குறைக்க எந்த முயற்சியும் நடக்கவில்லை.

அதிபரின் தனி மருத்துவர் ராஸ் மெக்கின்டயர் கடற்படை அதிகாரி. காது, மூக்கு, தொண்டை நிபுணர். ரூஸ்வெல்ட்டுக்கு அடிக்கடி சைனஸ், சளித் தொல்லை வரும். அதற்கு மெக்கின்டயர் பொருத்தமான ஆள்தான். ஏறிக்கொண்டே போன பிரஷர் மட்டும் அந்த வயது ஆண்களுக்கு வருவதுதான் என்ற கணக்கில் போய்விட்டது.

பெயரிலேயே ஒரு குழப்பம்

மெக்கின்டயரை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. அன்றைக்குப் பெரிய பெரிய இதய நிபுணர்களில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

காரணம் தெரியாமல் ஏறும் ரத்த அழுத்தத்துக்கு ‘எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்’ என்று பெயர். வேறு நோயால் வராமல் தானாகவே வருவது என்ற பொருளில் வைத்த பெயர் அது. எசென்ஷியல் என்ற சொல்லுக்கு ‘அவசியமான’ என்றும் ஓர் அர்த்தம் உண்டு. பல மருத்துவர்கள் அந்த அர்த்தத்தையே பிடித்துக்கொண்டார்கள்.

அவர்களுடைய தர்க்கம் இதுதான். வயதாக ஆக ரத்தக்குழாய் இறுகுகிறது, குறுகுகிறது. குறுகிய குழாய் வழியே மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போய்ச் சேர வேண்டுமானால் அதிக அழுத்தம் தேவை. ஆகவே உடல் தானே அழுத்தத்தை ஏற்றிக்கொள்கிறது. அதை இறக்கினால் மூளைக்கு ரத்தம் போகாமல் ஆபத்தாகிவிடும்.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. அதில் ஒரு துளி உண்மையும் உண்டு. பல வருடமாகப் பிரஷர் ஏறிப்போனவருக்கு அதை ஒரே நாளில் தடாலடியாக இறக்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் நிஜமாகவே குறையலாம். ஆனால் குழாய் இறுகுவதற்கும் குறுகுவதற்கும் அந்தப் பிரஷரே பெரிய காரணம் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

வயதாகும்போது மூளைக் குழாய்களில் என்ன நடக்கிறது?

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. அதைச் சேமித்து வைக்கும் வசதி மூளைக்குக் கிடையாது. ரத்தம் சில நிமிடம் நின்றாலே செல்கள் சாகத் தொடங்கிவிடும். அதனால் ரத்தம் எப்போதும் சீராக வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதற்காக மூளையின் சிறு தமனிகள் ஒரு வேலை செய்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை சுருங்கும். இறங்கினால் விரியும். நீங்கள் படுத்திருந்தாலும், சட்டென்று எழுந்தாலும், மாடிப்படி ஏறினாலும் மூளைக்குப் போகும் ரத்தத்தின் அளவு பெரிதாக மாறாமல் இருப்பது இதனால்தான். எந்தப் பகுதி அதிகம் வேலை செய்கிறதோ, அந்தப் பகுதிக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் அனுப்புவதும் இதே குழாய்கள்தான்.

வயதாகும்போது இந்த ஏற்பாடு மெல்ல மெல்லத் தளர்கிறது.

முதலில் பெரிய குழாய்கள் விறைக்கின்றன. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி இளம் வயதில் ரப்பர் மாதிரி இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து, அடியை உள்வாங்கி, ரத்தத்தைச் சீராக முன்னே அனுப்பும். வண்டியில் ஷாக் அப்சார்பர் செய்யும் வேலைதான். அந்த நெகிழ்வைத் தரும் எலாஸ்டின் இழைகள் வருடங்கள் போகப் போக அறுந்துபோகும். அந்த இடத்தில் விறைப்பான கொலாஜன் சேரும். வெயிலில் கிடந்து இறுகிப்போன தோட்டத்து ஹோஸ் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு துடிப்பின் அடியும் குறையாமல் மூளையின் மெல்லிய குழாய்வரை போய் இடிக்கும்.

அடுத்து குழாயின் உள்சுவர். அங்குள்ள செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளைச் சுரந்து குழாயைத் தளர்த்துகின்றன. வயது ஏறினால் அது குறையும். விரிய வேண்டிய நேரத்தில் குழாய் முழுதாக விரியாது. ரத்தத்தில் இருக்கும் வேண்டாத பொருட்கள் மூளைக்குள் போகாமல் தடுக்கும் சுவரிலும் மெல்லிய கசிவு தொடங்கலாம்.

மூன்றாவது, ஆழத்தில் இருக்கும் நுண்குழாய்கள். மூளையின் நடுப்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய தமனிகள் பெரிய தமனியிலிருந்து நேராகப் பிரிகின்றன. தெருவின் மெயின் பைப்பிலிருந்து நேரடியாக இழுத்த சின்ன இணைப்பு மாதிரி. மெயினில் உள்ள அழுத்தம் அப்படியே அதில் இறங்கும். வருடக்கணக்கில் அடி வாங்கி வாங்கி அவற்றின் சுவர் தடித்துப்போகும், அல்லது பலவீனப்பட்டுப்போகும்.

அதன்பின் இரண்டில் ஒன்று நடக்கும். குழாய் அடைத்துக்கொண்டால் அது போஷித்த சின்ன இடம் செத்துப்போகும். வெடித்தால் ரத்தக்கசிவு. வெளியே தெரியாமல் நடக்கும் சின்னச் சின்ன அடைப்புகள் சேர்ந்து சேர்ந்து யோசிக்கும் வேகம், திட்டமிடும் திறன், நடை, ஞாபகம் எல்லாவற்றையும் மெல்லக் குறைக்கும்.

இதெல்லாம் வயதோடு வருவதுதான். ஆனால் உயர் ரத்த அழுத்தம், சிகரெட், சர்க்கரை நோய் இருந்தால் எண்பதில் வர வேண்டியது அறுபதிலேயே வந்து நிற்கும். இதில் ரூஸ்வெல்ட்டிடம் இரண்டு இருந்தன.

பெதஸ்டாவில் ஒரு நாள்

1943 கடைசியில் டெஹ்ரான் மாநாட்டிலிருந்து திரும்பிய ரூஸ்வெல்ட்டுக்குக் காய்ச்சல், இருமல். மாதக்கணக்கில் விடவில்லை. வேலையின் நடுவே சோர்ந்துபோனார். மகள் அன்னாவுக்குச் சந்தேகம் வந்தது. முழுப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார்.

1944 மார்ச் இறுதியில் வாஷிங்டனுக்கு அருகே பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதய மருத்துவர் அதிபரைப் பரிசோதித்தார். உதடும் நகமும் லேசாக நீலம் பூத்திருந்தன. இதயம் பெருத்திருந்தது. கொஞ்சம் அசைந்தாலே மூச்சு வாங்கியது. பிரஷர் 186/108. இதயம் செயலிழக்கத் தொடங்கியிருந்தது. சைனஸ், சளி என்று நினைத்துப் போனவர்களுக்கு இது பேரதிர்ச்சி.

புரூயன் கேட்டது ஓய்வு, உப்புக் குறைப்பு, சிகரெட் குறைப்பு, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ் மருந்து. மெக்கின்டயர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மூத்த நிபுணர்களைக் கூட்டி விவாதித்த பிறகே மருந்து தொடங்கியது. சில நாட்களிலேயே மூச்சுத்திணறல் தணிந்தது. பிரஷர் மட்டும் இறங்கவில்லை.

இறக்குவதற்கு அப்போது நல்ல மருந்தும் இல்லை. தூக்க மருந்தான ஃபீனோபார்பிட்டால், நரம்பை வெட்டும் பெரிய அறுவை சிகிச்சை, கடுமையான உப்புக் கட்டுப்பாடு. இவ்வளவுதான் கையில் இருந்தது. அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், உப்பே சேர்க்காமல் வெறும் சோறும் பழமும் கொடுத்துச் சிலருக்குப் பிரஷரை இறக்கிக் காட்டினார். ஊறுகாயும் அப்பளமும் இல்லாத சோறு என்பதைக் கவனிக்க வேண்டும். அதை மாதக்கணக்கில் தாங்கி நின்றவர்கள் குறைவு.

நாட்டுக்குச் சொன்னது வேறு

பரிசோதனை முடிந்த சில நாட்களில் மெக்கின்டயர் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். 62 வயது மனிதருக்கு அதிபரின் உடல்நிலை நன்றாகவே இருக்கிறது என்ற பொருளில் பேசினார். இதயத்தைப் பற்றியோ பிரஷரைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. வயசுக்கு என்ற சொல் இப்போது மருத்துவ நம்பிக்கையாக மட்டும் இல்லை, உண்மையை மூடும் போர்வையாகவும் ஆகிவிட்டது.

நோயாளியிடமும் சொல்லவில்லை. ரூஸ்வெல்ட்டும் கேட்கவில்லை. இதய மருத்துவர் ஒருவர் ஏன் திடீரென்று தன்னோடு ஊர் ஊராக வருகிறார் என்று அவர் புரூயனிடம் ஒருமுறைகூட விசாரிக்கவில்லை. கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு வேலையைப் பார்த்தார்.

அந்த ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டனில் கப்பல் தளத்தில் நின்று உரையாற்றிக்கொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சு வலி வந்தது. வலியோடே பேசி முடித்தார். அக்டோபரில், ஆரோக்கியமாக இருக்கிறார் என்று காட்டுவதற்காக, நியூயார்க் தெருக்களில் கொட்டும் மழையில் திறந்த காரில் பல மணி நேரம் ஊர்வலம் போனார். நவம்பரில் நான்காவது முறையாக வென்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரஷர் 260/150-ஐத் தொட்டது.

இந்த நிலையில்தான் யால்டா பயணம். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து, ஸ்டாலினிடம் அவர் அதிகம் விட்டுக்கொடுத்துவிட்டாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். கூடவே இருந்த புரூயன் பிற்காலத்தில் எழுதியபோது, ரூஸ்வெல்ட்டின் சிந்தனை தெளிவாகவே இருந்தது என்றார். ஆனால் விவாதத்துக்கு இடமில்லாத ஒன்று உண்டு. துணை அதிபர் ஹாரி ட்ரூமனுக்கு அணுகுண்டுத் திட்டம் பற்றி யாரும் விளக்கவில்லை. எந்த நாளும் இறந்துபோகலாம் என்ற நிலையில் இருந்த ஒருவருக்கு அடுத்து வரவேண்டியவரை யாரும் தயார் செய்யவில்லை.

1945 ஏப்ரல் 12

ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ், போலியோ காலத்திலிருந்தே ரூஸ்வெல்ட் ஓய்வுக்குப் போகும் இடம். அன்று மதியம் வரவேற்பறையில் உட்கார்ந்து கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே எலிசபெத் ஷூமடாஃப் என்ற ஓவியர் அவரை வரைந்துகொண்டிருந்தார்.

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. பின்மண்டையில் தாங்க முடியாத வலி என்று சொன்னவர் அப்படியே சரிந்தார். ஓடிவந்த புரூயன் அளந்தபோது மேல் எண் 300-ஐத் தாண்டியிருந்தது. கீழ் எண் 190. மாலை 3.35 மணிக்கு உயிர் பிரிந்தது. ஓவியம் பாதியிலேயே நின்றது. ஜெர்மனி சரணடைய ஒரு மாதம்கூட இல்லை.

முன்னறிவிப்பே இல்லாமல் வந்த மரணம் என்றுதான் மெக்கின்டயர் நாட்டுக்குச் சொன்னார். உடற்கூறு ஆய்வு நடக்கவில்லை. மருத்துவக் கோப்பும் காணாமல் போனது. புரூயன் தன்னிடம் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு 1970-ல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை எழுதிய பிறகுதான் அந்த எண்கள் வெளியே வந்தன. முன்னறிவிப்பு எட்டு ஆண்டுகளாக வந்துகொண்டே இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு சிற்றூர் மாற்றிய கணக்கு

ரூஸ்வெல்ட் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1948 ஜூனில், அதிபர் ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் ஓர் ஆய்வு தொடங்கியது. அந்த ஊரைச் சேர்ந்த 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்கு ஸ்ட்ரோக் வருகிறது என்று பதிந்துகொண்டே போனார்கள்.

பழைய நம்பிக்கை ஒவ்வொன்றாக உடைந்தது. பிரஷர் ஏற ஏற ஸ்ட்ரோக் ஆபத்தும் ஏறியது. வயதானவர்களுக்கும் அதே கதைதான். மேல் எண் மட்டும் ஏறியிருந்தாலும் ஆபத்துதான்.

1958-ல் குளோரோதயசைடு மாத்திரை சந்தைக்கு வந்தது. தாங்கிக்கொள்ளக்கூடிய பக்கவிளைவோடு பிரஷரை இறக்கிய முதல் மருந்துகளில் அது ஒன்று. 1967-லும் 1970-லும் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகள், பிரஷரை இறக்கினால் உயிர் பிழைக்கிறது என்று நிரூபித்தன. 1991-ல் வெளியான இன்னொரு ஆய்வில், 60 வயதைத் தாண்டி மேல் எண் மட்டும் ஏறியிருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தபோது ஸ்ட்ரோக் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. முதியவர்களின் பிரஷரை இறக்கினால் மூளைக்கு ஆபத்து என்ற பழைய பயத்துக்கு அது நேரடிப் பதில்.

அப்போ வயசானா ஏறத்தானே செய்யும்?

பெரும்பாலான ஊர்களில் வயதோடு பிரஷர் ஏறுவது உண்மை. ஆனால் அமேசான் காட்டில் வாழும் யானோமாமி பழங்குடியினர் உப்பே சேர்க்காமல் சாப்பிடுகிறவர்கள். அவர்களிடம் வயது ஏறினாலும் பிரஷர் ஏறுவதில்லை என்று 1980-களின் சர்வதேச ஆய்வு ஒன்று காட்டியது. அதாவது நிறைய பேருக்கு வருகிறது என்பதற்காக அது உடலின் இயற்கை ஆகிவிடாது.

குழாய் விறைப்பதை முழுதாக நிறுத்த முடியாது. வேகத்தைக் குறைக்க முடியும். உப்பைக் குறைப்பது, தினமும் நடப்பது, சிகரெட்டை விடுவது, தேவைப்பட்டால் மாத்திரை. 2019-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு லேசான ஞாபக, சிந்தனைக் குறைபாடு வருவதும் குறைந்தது. எவ்வளவு இறக்கலாம், எவ்வளவு வேகத்தில் இறக்கலாம் என்பதை மட்டும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். குறிப்பாக வயதானவர்களுக்கு.

உயர் பிரஷர் பெரும்பாலும் வலிக்காது. ரூஸ்வெல்ட்டுக்கும் பல ஆண்டுகள் வலிக்கவில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும். அவருக்கு அளந்தும் பார்த்தார்கள், எழுதியும் வைத்தார்கள். வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 160 காட்டுகிறது, வயசாயிடுச்சு இல்லையா என்று யாராவது அந்தச் சீட்டை மடித்து வைத்தால், 1937-ல் வெள்ளை மாளிகையில் நடந்ததும் அதேதான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வித்தியாசம். அன்று உலகின் அதிகாரம் மிக்க மனிதருக்குக்கூடக் கிடைக்காத மாத்திரை, இன்று தெருமுனை மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.